பயிரை விளைவிக்கும் வேலி

‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்பது நம் மக்கள் நாவில் பயின்றுவரும் பழமொழி. காக்க வேண்டியவரே களவு செய்யுமிடத்து அதனைச் சுட்டுவதற்கு இதனை வழங்குவர். ஆனால், பயிரை மேயாமல் பயிரை விளைவித்தே தரும் வேலியும் உண்டு. அவ்வேலி எது, அதனை நடுவது எவ்வாறு, அதனால் தோட்டத்தில் காய்ப்புப் பெருகுவது எங்ஙனம் என்பவற்றை ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டுச் செடியும் சமவெளித் தோட்டமும்

பூவிருந்தவல்லியை அடுத்த கரையான்சாவடியில் வாழும் அன்பர் ஒருவர், உதகைக்குச் சென்று திரும்புகையில் ஹைட்ராஞ்சியா என்னும் பூஞ்செடியைத் தொட்டியோடு வாங்கி வந்தார். பந்துபோலத் திரண்ட நீல நிறப் பூங்கொத்துகளைக் கண்டு அண்டை வீட்டார் அனைவரும் வியந்தனர். மார்கழியும் தையும் கழியும்வரை செடி ஒருவாறு தாங்கிற்று. பங்குனியில் இலை வாடிற்று. சித்திரையில் செடி முற்றும் கருகிப்போயிற்று. “நீர் ஊற்றுவதில் குறைவில்லை, எருவும் இட்டேன், ஆயினும் செடி பட்டுப்போனது ஏன்? தேனீக்கள் வருமென்றே இதனை வைத்தேன். இருந்த நாளிலும் ஒரு தேனீகூட வந்து தங்கவில்லையே, அஃது ஏன்?” என்று அவர் நம்மை வினவினார். இவ்விரண்டு வினாக்களுக்கும் உரிய விடைகளை அறிந்துகொண்டால், எந்தச் செடியைத் தோட்டத்திற்குத் தெரிந்தெடுப்பது என்பது எளிதில் விளங்கிவிடும்.

தோட்டங்களில் பெரிதும் வளர்க்கப்படும் ஹைட்ராஞ்சியா சப்பான் நாட்டுக்கு உரியது. குளிர்ந்த காற்றும், ஈரம் மாறாத புளிப்பு மண்ணும், உச்சி வெயில் படாத இடமும் அதற்கு வேண்டும். 1848இல் நிறுவப்பட்ட உதகை அரசினர் தாவரவியல் பூங்காவைக் கண்டோர், நீலகிரி மலைக்கு அச்செடி எத்துணைப் பொருத்தமானது என்பதை அறிவர். புளிப்பு மண்ணில் உள்ள அலுமினியச் சத்தை உறிஞ்சுவதால் அதன் பூ நீலமாகிறது. சுண்ணாம்புத் தன்மை மிக்க மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். சென்னையைச் சூழ்ந்த சமவெளியின் கோடை வெப்பத்தை அது தாங்க வல்லதன்று. இது முதல் வினாவிற்கு விடை.

இரண்டாம் வினாவிற்குரிய விடை இன்னும் சுவையானது. பந்துபோலத் திரண்ட ஹைட்ராஞ்சியாவில் நாம் பூவிதழ் என்று கருதுபவை உண்மையில் நிறமேறிப் பெருத்த புல்லி இதழ்களே. அவை கண்ணுக்கு விருந்தேயன்றி, மகரந்தமும் தேனும் அவற்றில் மிக அரிது. இச்செடியிலேயே தட்டையான கொத்துடைய மற்றொரு வகை உண்டு. அதன் ஓரத்தில் பகட்டான இதழ்களும், நடுவில் சிறுசிறு முழுப்பூக்களும் அமைந்திருக்கும். அந்தச் சிறு பூக்களை நாடியே தேனீக்கள் வரும். குளிர்நாடுகளில் தேனீக்களுக்காக ஹைட்ராஞ்சியா நடுவோர் இத்தட்டை வகையையே தெரிந்தெடுப்பர். உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் முதலிய இடங்களில் உள்ள அன்பர்களும் இதனை மனத்திற்கொள்வது நலம்.

ஆகவே, தோட்டத்திற்கு ஒரு பூஞ்செடியைத் தெரிந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும். இந்த மண்ணும் வெயிலும் செடிக்கு ஏற்குமா? பூவில் தேனும் மகரந்தமும் உண்டா? நம் சமவெளியில் இவ்விரண்டிற்கும் ‘ஆம்’ என்று விடையளிக்கும் புதர்ச்செடிகளுள் தலையாயது நொச்சி.

காய் பிஞ்சிலேயே கருகுவது ஏன்?

தேனீ வந்தால் என்ன, வாராவிட்டால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். கரையான்சாவடியிலிருந்து சிறிது தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில், பூசணி பயிரிட்டிருந்த உழவர் ஒருவர் தம் தோட்டத்தை நமக்குக் காட்டினார். கொடி செழித்திருந்தது, பூவும் மிகுதியாக இருந்தது. ஆனால் பிஞ்சுகளோ இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தன. எஞ்சி நின்ற காய்கள் ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சூம்பியும் கோணலாக இருந்தன. பூச்சியின் வேலை என்று கருதி அவர் இருமுறை மருந்து தெளித்திருந்தார், பயன் ஏற்படவில்லை. விதைக்கும் உரத்திற்கும் மருந்திற்கும் கடன் வாங்கிச் செலவிட்டவர் அவர். ஒரு பருவத்து உழைப்பு கண்ணெதிரே உதிர்வதைக் காணும் துயரம் எத்தகையது என்பதை உழவர் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பூசணிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு உருவம் இருக்கும். ஆண்பூவில் அது இராது. ஆண்பூவின் மகரந்தம் பருத்ததாகவும் பிசுபிசுப்புடையதாகவும் இருத்தலின், காற்று அதனைத் தூக்கிச் செல்லாது. தேனீயோ வண்டோ தன் உடலில் ஒட்டிக்கொண்டு சென்று பெண்பூவில் சேர்த்தல் வேண்டும். அதுவும் ஒரே முறை வந்துபோனால் போதாது. பலமுறை வருதல் வேண்டும். போதிய மகரந்தம் சேராத பிஞ்சு உதிரும். அரைகுறையாகச் சேர்ந்த பிஞ்சு கோணலாகும். பூவோ விடியற்காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடுகிறது. அந்தச் சில மணி நேரமே பூசணிக்கு வாய்த்த முகூர்த்தம்.

மறுநாள் காலை நாம் அத்தோட்டத்தில் நின்று பார்த்தோம். பூக்களில் வந்தமர்ந்த தேனீக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, அதன் மகரந்தத் தண்டைச் சில பெண்பூக்களின் நடுவே மெல்லத் தொட்டுத் தடவி, அடையாளமாக அக்காம்புகளில் நூல் கட்டி வைத்தோம். நூல் கட்டியவற்றுள் பெரும்பாலானவை உதிராமல் பிடித்தன. குறை எருவில் இல்லை, நீரில் இல்லை, மகரந்தம் சேர்வதிலேயே இருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. பிஞ்சு உதிரும் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் முன், எவரும் செலவின்றிச் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

அதே ஊரின் மறுகோடியில், வாய்க்காலை ஒட்டிப் பழைய நொச்சி வேலி எஞ்சியிருந்த தோட்டம் ஒன்றில் பூசணியும் பாகலும் நன்கு காய்த்திருந்தன. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. எனினும் அவ்வேலியில் தேனீக்கள் மொய்த்திருந்த காட்சி நமக்கு ஒரு வழியைக் காட்டியது.

பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவை மட்டுமே இவ்வாறு பூச்சிகளை எதிர்நோக்குவன அல்ல. மாலையில் மலரும் சுரைக்கும் புடலைக்கும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள் உதவுகின்றன. கத்தரிப் பூவில் மகரந்தம் நுண்ணிய துளை வழியாகவே வெளிவரும். கட்டைகளைத் துளைத்து வாழும் கருந்தேனீயும், வயிற்றில் நீலக்கோடுகள் உடைய தேனீயும் அப்பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிடும். அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று உதிரும். தன் பூவிலேயே காய்க்க வல்ல கத்தரியும் இவற்றின் வருகையால் மிகுதியாகக் காய்க்கும். கூலி கேளாத இவ்வேலையாட்கள் இல்லையேல், அந்த வேலையை நாமே கையால் செய்ய நேரிடும்.

வேலியோடு மறைந்த விருந்து

தேனீக்கள் குறைந்ததற்குக் காரணம் ஒன்றன்று. 1991, 1992ஆம் ஆண்டுகளை ஒட்டி, ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதிலிருந்து அவை மெல்ல மீண்டன. ஆயினும் மீண்ட தேனீக்களுக்கு உண்ண உணவு வேண்டுமன்றோ? முன்னாளில் தோட்டந்தோறும் நொச்சியும் ஆடாதொடையும் கிளுவையும் வேலியாக நின்றன. வரப்பில் தும்பை பூத்தது. பின்னர் அவ்வேலிகள் வெட்டப்பட்டுக் கற்கால்களும் கம்பிகளும் ஊன்றப்பட்டன. விளைநிலங்கள் மனைகளாயின. எஞ்சிய வரப்புகளிலும் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. கரையான்சாவடியில் நின்று பார்ப்போர் மேலே மெட்ரோ இரயிலின் உயர்பாதையையும், கீழே ஓயாத வண்டிகளின் வரிசையையும் காண்பர். நகரம் வளர்வதை நாம் தடுக்க இயலாது. தடுக்க வேண்டுவதும் இல்லை. ஆனால் எஞ்சியுள்ள தோட்டங்களின் ஓரத்தைப் பூவின்றி விட்டுவிட வேண்டும் என்பதும் இல்லை.

‘தேனீப் பெட்டி வாங்கி வைத்தால் போதாதோ?’ என்று கேட்போர் உளர். தேனீ வளர்ப்பில் பெயர்பெற்றது குமரி மாவட்டத்து மார்த்தாண்டம். அங்கு ரப்பர் மரங்கள் துளிர்க்கும் பருவத்தில் தேன் மிகுதியாகக் கிடைக்கும். அப்பருவம் கழிந்து உணவு அருகும் காலத்தில் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு கொடுத்துக் காப்பாற்றுவர். தீவனம் இல்லாத ஊரில் கறவை மாடு வாங்குவதற்கும், பூ இல்லாத ஊரில் தேனீப் பெட்டி வைப்பதற்கும் வேற்றுமை இல்லை. முதலில் பூ, பின்னரே பெட்டி.

நொச்சியின் இயல்பு

நொச்சியை அறியாத கிராமத்தார் இலர். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரல்கள்போல் விரிந்திருக்கும். இலையின் மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் வெளிறியும் காணப்படும். கசக்கினால் கடுமணம் வீசும். கிளை நுனிகளில் நீலங்கலந்த ஊதா நிறச் சிறுபூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நீர் கிடைக்குமிடத்தில் ஆண்டின் பல மாதங்களிலும் பூத்திருக்கும். மலைநாட்டு ஹைட்ராஞ்சியாவின் நீலத்தை விரும்பிய நம் அன்பருக்கு, அந்நீலத்தைத் தன் வாசலிலேயே தரும் செடி இதுவாகும். அன்றியும் இதன் ஒவ்வொரு சிறுபூவிலும் தேன் உண்டு. தேனீ, கொசுத்தேனீ, கருந்தேனீ, வண்ணத்துப்பூச்சி அனைத்தும் இதனை நாடி வரும்.

ஆடுமாடுகள் நொச்சியை மேய்வதில்லை. ஆதலின் வேலிக்கு இதனினும் ஏற்றது அரிது. ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரத்தைத் தாங்கி வளரும். வேரூன்றியபின் வறட்சியையும் பொறுக்கும். சளிக்கு ஆவி பிடிப்பதற்கும், தானியக் குதிரில் பூச்சி அணுகாதிருக்க உலர்ந்த இலையை இடுவதற்கும் நம் முன்னோர் இதனைப் பயன்படுத்தினர். வேப்பிலை, ஆடாதொடை ஆகியவற்றோடு நொச்சி இலையையும் ஊறவைத்துப் பூச்சிவிரட்டி செய்வோர் இன்றும் பலர். கொசுவை விரட்டும் என்னும் கருத்தில், 2010ஐ அடுத்த பத்தாண்டில் சென்னை மாநகராட்சி நொச்சிக் கன்றுகளை மக்களுக்கு வழங்கியதும் உண்டு.

தமிழ்ப் புறப்பொருள் இலக்கணத்தில், மதிலைக் காத்து நிற்கும் வீரர் சூடும் பூ நொச்சியே. மதில் காத்தவர் சூடிய பூவை வயல் காக்கும் வேலியில் வைப்பது நமக்குப் புதிதன்று, மறந்ததை மீட்பதேயாகும்.

நடும் முறை

நொச்சிக்கு விதை தேடி அலைய வேண்டுவதில்லை. முற்றிய கிளையில் விரற் பருமனுள்ள பகுதியை ஒரு சாண் நீளத்திற்குப் போத்தாக வெட்டிக்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு போத்திலும் மூன்று அல்லது நான்கு கணுக்கள் இருத்தல் நலம். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேற்பக்கத்தை நேராகவும் வெட்டினால், தலைகீழாக நட்டுவிடும் பிழை நேராது. இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் புதையும்படி நட்டு, சுற்றிலும் மண்ணை இறுக மிதித்துவிடல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் நம் வட்டாரத்திற்கு ஏற்ற காலம். மழை தவறின் வாரம் இருமுறை நீர் ஊற்றுதல் போதும். தை பிறக்கும் முன் வேர் பிடித்துவிடும்.

2 அடிக்கு ஒரு போத்து வீதம் நட்டால் 100 அடி நீள வேலிக்கு 51 போத்துகள் தேவைப்படும். அடர்த்தி வேண்டுவோர் ஓர் அடி விட்டு இரண்டாம் வரிசையை, முதல் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக நடலாம். நொச்சி வேரிலிருந்தும் பக்கக் கன்றுகளை விடும் இயல்புடையது. ஆகவே நடுவரப்பில் நடாது நிலத்தின் எல்லையில் நடுக. பயிர் வரிசைக்கும் வேலிக்கும் இடையே 3 அல்லது 4 அடி விட்டு, ஆண்டுக்கொருமுறை மண்வெட்டியால் பக்கக் கன்றுகளை நீக்கிவிடுதல் நலம். வீட்டுத் தோட்டத்தில் மூலைக்கு ஒரு செடி போதும்.

வெட்டும் முறையில் கவனம் வேண்டும். நொச்சி புதுக்கிளையின் நுனியில் பூப்பது. எனவே பூத்து ஓய்ந்தபின் கவாத்துச் செய்தால் மீண்டும் துளிர்த்துப் பூக்கும். வேலி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையாக வெட்டிவிட்டால் தேனீக்கள் பட்டினி கிடக்கும். மூன்றில் ஒரு பங்காக, விட்டுவிட்டு வெட்டுதலே முறை. வெட்டிய தழையைப் பசுந்தாள் உரமாகவோ மூடாக்காகவோ இடலாம். வெட்டிய கிளையே அடுத்த தோட்டத்திற்குப் போத்தாகும்.

துணைச் செடிகள்

ஒரே செடியை நம்பி ஆண்டு முழுதும் தேனீ வாழ இயலாது. ஆகவே வேலியில் கலப்பு வேண்டும். நொச்சிக்கு இடையிடையே ஆடாதொடை நடுக. அதுவும் போத்திலிருந்தே வளரும், பெயருக்கேற்ப ஆடு தொடாது. வறண்ட மூலையில் ஆவாரை வைக்கலாம். ஆவாரம்பூவில் தேன் இல்லை; மகரந்தமே உண்டு. அதிர்ந்து ரீங்காரமிடும் கருந்தேனீயை அது வரவழைக்கும். கிணற்றடியில் துளசியும், வரப்பில் மழைக்காலத்துத் தும்பையும் நிற்கட்டும். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கும் பூத்துக் கோடைப் பஞ்சத்தைத் தீர்க்கும். கொல்லையில் ஒரு முருங்கை இருந்தால் காயும் கீரையும் நமக்கு. பூவின் தேன் தேனீக்கு.

உண்ணிச்செடி பூச்சிகளை ஈர்க்கும் எனினும், அது கட்டின்றிப் பரவி நிலத்தைக் கெடுக்கும், அதனை நடலாகாது. சீமைக் கருவேலத்தை அகற்றும் இடங்களில், வெற்றிடமாக விட்டுவிடாமல் நொச்சியை நடுவது இருவகையிலும் நன்மை தரும்.

மருந்து தெளிப்போர் கவனத்திற்கு

விருந்திற்கு அழைத்துவிட்டு இலையில் நஞ்சிடுவது நம் மரபன்று. பூத்திருக்கும் பயிரில் காலை வேளையில் மருந்து தெளித்தல் அச்செயலையே ஒக்கும். மருந்து தவிர்க்க இயலாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய மாலையில் தெளிக்க; வேலியில் ஒரு துளியும் படாமல் பார்த்துக்கொள்க. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் உள்ளே ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும் இயல்புடையன. இதனை முன்னிட்டே ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதனையும் அவ்வினத்தைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பூக்கும் பருவத்தில் இவற்றைத் தவிர்ப்பது உழவருக்கே ஆதாயம்.

தோட்டத்து ஓரத்தில் ஓர் அகன்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் வைத்தால் தேனீக்கள் மூழ்காமல் நீர் அருந்தும். மண்ணில் வளை தோண்டி வாழும் தேனீக்களுக்காக ஒரு சிறு திட்டை உழாமல் விடுக. பட்ட கிளை ஒன்றையும் மூங்கில் துண்டுகள் சிலவற்றையும் ஒதுக்கமாக வைத்தால் கருந்தேனீ அவற்றில் குடியேறும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

இந்தியத் தேனீ பெரும்பாலும் தன் கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இரை தேடும்; கொசுத்தேனீ அத்துணைத் தொலைவும் செல்லாது. ஆகவே அடுத்த ஊரின் வேலி நம் ஊரின் பூசணிக்கு உதவாது. ஒவ்வோர் ஊரும் தன் வேலியைத் தானே நடுதல் வேண்டும். தனியொருவர் நட்டால் தோட்டம் வாழும். ஊராட்சி முனைந்தால் ஊர் முழுதும் வாழும்.

முதலாவதாக, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் கசிவு நீர் பாயும் இடத்தில் ஒரு நொச்சி நாற்றங்கால் அமைக்கலாம். இரண்டாவதாக, பள்ளி, அங்கன்வாடி, சுடுகாடு, வாய்க்கால் ஓரம் ஆகிய பொது இடங்களில் வேலி தேவைப்படும் நீளத்தை அளந்து பட்டியலிடலாம். நீர்நிலையின் கரைமீது எதனையும் நடுமுன் உரிய துறையின் இசைவைப் பெறுதல் முறை. மூன்றாவதாக, தெருவோரங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வழக்கத்தை நிறுத்தி, களையைக் கையால் அகற்றச் செய்யலாம். இவற்றை ஆகஸ்டு 15 அல்லது அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றினால், மழை தொடங்கும் வேளையில் நடவு தொடங்க ஏதுவாகும். நட்டபின் ஒவ்வொரு துண்டு வேலிக்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறித்துவைப்பது மிகவும் இன்றியமையாதது. நட்டவர் பலராயினும் நீர் ஊற்றுபவர் இன்றிப் பட்டுப்போன கன்றுகளை நாம் நிறையவே கண்டிருக்கிறோம்.

முடிவுரை

பூவிருந்தவல்லி என்னும் பெயரிலேயே பூ இருக்கிறது. அவ்வூரில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வளர்த்து, அதன் பூவை மாலையாகக் கட்டிக் காஞ்சி வரதருக்கு எடுத்துச் சென்றார் என்பது வழிவழி வந்த வரலாறு. பூவால் பெயர் பெற்ற வட்டாரத்தில் பிஞ்சு கருகுவது பூச்சிகளுக்குப் பூ இல்லாமையால் என்றால், அந்தக் குறையைத் தீர்ப்பது நம் கடமையன்றோ?

சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாற நம் முன்னோர் அமைத்த இடம். தேனீக்களும் நம் தோட்டங்களுக்கு வந்து போகும் வழிப்போக்கரே. அவற்றுக்கும் ஊர்தோறும் ஒரு பூஞ்சாவடி வேண்டும். அதற்கு வேண்டுவது ஒரு சாண் போத்தும், ஒரு குடம் நீரும், சிறிது கவனமுமே. வரும் ஐப்பசி மழையில் ஒவ்வொரு தோட்டத்து எல்லையிலும் நொச்சிப் போத்து ஊன்றப்படுமாயின், ஓரிரு ஆண்டுகளில் பூசணிப் பந்தலும் பாகற் பந்தலும் அதன் பயனைக் காட்டும். ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் முன்னின்று வழிகாட்டுவார்களாக. உழவர் பெருமக்கள் உடன் நின்று ஊன்றுவார்களாக.